மிதித்த கால்

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.3.1992

அண்ணன் வேலுசாமி அவர்களுக்கு,

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்து சேருகிற ராஜபாளையத்துக்கு இன்லேண்டு வாங்கி எழுத வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோம். நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். படுத்துக் கிடப்பது உங்கள் மாப்பிள்ளை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலது காலில் முட்டிக்குக் கீழே ரெண்டு இடத்தில் முறிவு. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பார்க்க வருகிறவர்களிடம் அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கிருஷ்ணன்கோவிலுக்கு இந்தப் பக்கம் ஆட்டு மந்தை குறுக்கே வந்ததாம். "மிதிச்சேன், மிதிச்சேன், பிரேக்கு பிடிக்கவே இல்ல. மிதிச்ச காலே போச்சு" என்கிறார். கேட்கிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். வண்டி என் பிறந்த வீட்டு வண்டி அல்லவா?

நேராகவே கேட்கிறேன். பொங்கலுக்கு முன்னால், சர்வீஸ் பண்ணித் தருகிறேன் என்று நீங்களாகவே வந்து வண்டியை வாங்கிப் போனீர்கள். ஒரு வாரம் வைத்திருந்தீர்கள். அந்த ஒரு வாரத்தில் என்ன செய்தீர்கள்? அப்பா அந்த புல்லட்டை உங்களுக்குத் தராமல் மருமகனுக்குத் தந்துவிட்டார் என்று உங்களுக்குப் பொருமல் உண்டு. இல்லை என்று சொல்லாதீர்கள், கல்யாணத்தன்று உங்கள் முகத்தைப் பார்த்தவள் நான். நல்ல சாமானைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டி அனுப்பிவிட்டீர்கள் என்று என் மாமனார் சொல்கிறார். நான் நம்பவில்லை என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்குச் சரியாக இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதலில் என்ன கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "வண்டி எங்க கிடக்கு?" என்று கேட்டீர்கள். மனுஷன் கிடக்கிற கிடையில் யாராவது அப்படிக் கேட்பார்களா? என் மாமனார் ஒரு வார்த்தை சொன்னார்தான். அதற்காகக் காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

வைகாசியில் முத்துப்பேச்சிக்குக் காது குத்துவதாக முடிவு செய்திருக்கிறோம். தாய்மாமன் மடி வேண்டாம், நம் பெரியப்பா மகன் தங்கச்சாமி மடியில் உட்கார வைத்துவிடலாம் என்று இங்கே பேச்சு ஓடுகிறது. நான் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பரிபூரணம்
(தங்கச்சி என்று போட மனம் வரவில்லை)


ராஜபாளையம்
16.3.1992

தங்கச்சி பரிபூரணத்துக்கு,

நீ போடாவிட்டால் என்ன, நான் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை உன் மதினி சண்முகத்தாய்க்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு வாரத்தில் என்ன செய்தேன் என்று கேட்டாய். சொல்கிறேன். செயினை மாற்றினேன். கிளட்ச் கேபிள் மாற்றினேன். பிரேக் லைனர் தேய்ந்திருந்தது, புது லைனர் போட்டேன். போட்டுவிட்டுத் தென்காசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கழற்றி வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது அந்த வண்டியில்? நான் பிறப்பதற்கு ரெண்டு வருஷம் முன்னால் வந்த வண்டி. போலீஸ் ஏலத்தில் அப்பா எடுத்தபோதே அதற்குப் பாதி ஆயுள் முடிந்திருந்தது. "வீட்டுக்கு மூத்தபிள்ளை இவன்தான்" என்று அப்பா அதன் டேங்கைத் தட்டுவார். நான் ரெண்டாவதாகத்தான் வளர்ந்தேன். பொருமல் இருந்தது. அது வேறு. அதற்காக என் தங்கச்சி தாலியில் கை வைப்பேனா?

வண்டி எங்கே கிடக்கிறது என்று கேட்டது, பிரேக்கைப் பார்க்கத்தான். மாப்பிள்ளை தவசிமுத்து "பிடிக்கல மச்சான்" என்று சொன்ன உடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் லைனர் போட்ட வண்டி.

சரி, இப்போது நான் கேட்கிறேன். மிதித்த காலே முறிந்தது என்கிறார். முறிந்தது வலது கால். அந்த வண்டிக்குப் பிரேக் எந்தப் பக்கம்? உனக்குத் தெரியாதா? இடது கால் கட்டைவிரலில் அப்பா சணல் கயிறு கட்டிவிட்டுத்தானே நமக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்? கட்டின கால் நிறுத்தும், கட்டாத கால் கியர் போடும் என்று. வலது காலால் எத்தனை மிதி மிதித்தாலும் கியர்தான் விழும், வண்டி நிற்காது.

அஞ்சு வருஷமாக அதே வண்டியை ஓட்டுகிற மனுஷனுக்குக் கால் மாறாது. வேறு வண்டி ஓட்டிப் பழகினவனுக்குத்தான் மாறும். இப்போது வருகிற புது மாதிரி வண்டிகளுக்கு எல்லாம் வலது பக்கம்தான் பிரேக். மாப்பிள்ளை எந்த வண்டியை ஓட்டுகிறார்? யாருடைய வண்டி? அவருடைய மில் இருப்பது ராஜபாளையம் ரோட்டில். விழுந்து கிடந்தது கிருஷ்ணன்கோவில் ரோட்டில். வேலை நாளில் அங்கே என்ன சோலி?

என் மீது சந்தேகப்படுகிற நேரத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து இதையும் யோசி. வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிடு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

அவர் காலில் சுற்றியிருக்கிற துணிகூட எங்கள் பேண்டேஜ் கம்பெனித் துணியாக இருக்கும். அதிலும் குற்றம் கண்டுபிடித்துவிடாதே.

வேலுசாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.3.1992

அண்ணனுக்கு,

நன்றாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் பழி வந்ததும் படுத்துக் கிடக்கிறவர் மேல் அதைத் திருப்பிவிட்டீர்கள். வாயில்லாத மனுஷன், அதனால் வசதி.

எந்தக் கால் என்று வலியில் அவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆடு குறுக்கே வரும்போது எந்தக் காலால் மிதித்தோம் என்று யாராவது எண்ணிக்கொண்டு இருப்பார்களா? கிருஷ்ணன்கோவிலுக்கு ஏன் போனார் என்று கேட்டேன். மில் ஆபீசர் வீட்டு விசேஷம், மொய் வைக்கப் போனேன் என்றார். போதுமா?

வண்டியை அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்பினால் நீங்கள் ராவோடு ராவாகச் சரி செய்து வைத்துவிட்டு "பிரேக்கு நல்லாத்தான இருக்கு" என்பீர்கள். அனுப்ப மாட்டேன். கொல்லையில் வேப்பமரத்தில் சாத்தி வைத்திருக்கிறோம். ஹேண்டில்பார் வளைந்திருக்கிறது, லைட் உடைந்துவிட்டது, கிளட்ச் பிடி பாதி ஒடிந்திருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். காதுகுத்தன்று எல்லாரும் கூடியிருக்கும்போது மெக்கானிக்கைக் கூட்டி வந்து, பிரேக்கைப் பிரித்துக் காட்டப் போகிறாராம். அப்போது தெரியும் உங்கள் லைனர்.

சணல் கயிறு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

"யாருடைய வண்டி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம்? எதையோ மனசில் வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். இருந்தால் முழுசாகச் சொல்லுங்கள். அரைகுறையாகச் சொல்லி என் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

பரிபூரணம்


ராஜபாளையம்
26.3.1992

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை எழுதிக் கிழித்தேன். வேண்டாம் என்று உன் மதினி சொன்னாள். நீ முழுசாகக் கேட்டுவிட்டாய்.

எங்கள் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றுகிற வேன் டிரைவர் பால்பாண்டி உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் கொண்டுவந்தவன். தை மாதம் வத்திராயிருப்புப் பக்கம் லோடு இறக்கப் போனவன், கான்சாபுரத்தில் மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறான். சிவப்புக் கலர் புது வண்டி. சத்தமே இல்லாமல் போகிற ரகம். ஒரு வீட்டுப் பக்கச் சந்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பையோடு உள்ளே போனாராம். திரும்பி வரும்போது ஒரு பொம்பளை வாசல் வரைக்கும் வந்து சிரித்துப் பேசி அனுப்பினாளாம். பால்பாண்டி கையைக் காட்டியிருக்கிறான். மாப்பிள்ளை பார்த்தும் பார்க்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பகல் பதினொரு மணி, மில்லில் இருக்க வேண்டிய நேரம்.

ஆள் மாறாட்டமாக இருக்கும் என்று அன்றைக்கு அவனைத் திட்டி அனுப்பிவிட்டேன். இப்போது அந்த வலது கால் எனக்கு வேறு கதை சொல்கிறது.

மில் கேட்டுக்குப் போய் விசாரிக்கலாம் என்று ஒருநாள் பஸ் ஏறினேன். இறங்கி, எதிர் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் புருஷனைப் பற்றி நான் வாட்ச்மேனிடம் கேட்டால், அது உனக்குத்தான் கேவலம்.

நான் சொல்வது பொய்யாக இருக்கட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். பொய்யாக இருந்தால் என் மேல் விழுந்த பழி நிற்கும். நிற்கட்டும். இதில் எது உனக்கு நல்லது என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

வேலுசாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.4.1992

அண்ணே,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து இந்த வீட்டில் நான் போலீஸ்காரி மாதிரி இருந்தேன். அவர் தூங்கும்போது சட்டைப் பைகளைத் தடவினேன். தூக்கத்தில் ஏதாவது பேர் சொல்கிறாரா என்று கேட்டேன். சொல்லவில்லை. குறட்டைதான்.

உங்களையும் நம்ப முடியவில்லை, அவரையும் நம்ப முடியவில்லை. ரெண்டு பேரில் யார் பொய் என்று வண்டியிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பங்குனிப் பொங்கலுக்கு மாமனாரும் மாமியாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். அவருக்கு மாத்திரை கொடுத்தேன், அசந்துவிட்டார். முத்துப்பேச்சியைப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அக்காவிடம் விட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினேன். தண்ணீர் இல்லை, தரை கெட்டியாகக் கிடந்தது. அக்கா கரையில் நின்று "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று கேட்டாள். பிடித்துத்தான் இருந்தது.

பதிமூணு வயசில் வயசுக்கு வந்த பிறகு அப்பா என்னைத் தொட விடாத வண்டி. கிக்கரை மிதித்தேன், நெஞ்சில் உதைக்கிற மாதிரி திருப்பி அடித்தது. மீட்டர் முள்ளு நடுவில் வந்த பிறகு மிதிக்கணும் என்பார் அப்பா. அது மறந்துபோயிருந்தது. நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டினேன் அண்ணே. பயமா சந்தோஷமா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. மூணாவது கியரில் போகும்போது இடது காலால் மிதித்தேன். பின்சக்கரம் இழுபட்டு நின்றது. புழுதிதான் மேலே வந்து விழுந்தது. இன்னொரு தடவை பார்த்தேன், நின்றது. அப்புறம் வலது காலால் மிதித்துப் பார்த்தேன். கியர் விழுந்து வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் லைனர் நல்ல லைனர். உங்களுக்கு நான் எழுதிய வார்த்தை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரிதான், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கான்சாபுரம் உண்மை என்று ஆகிறது. மறுநாளே புறப்பட்டேன். அந்தப் பொம்பளையை என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பால்பாண்டி சொன்ன சந்தைக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனால், அது ஒரு பெட்டிக்கடை. வீட்டோடு சேர்ந்த கடை. அங்காளம்மாள் என்று ஒரு அம்மா, என் அம்மா வயசு இருக்கும். இடுப்பில் பேரன். பையோடு உள்ளே போனார் என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது, பையில் சரக்குப் போடுகிறவர் வருவாரா என்று பொதுவாகக் கேட்டேன். "பிஸ்கட் போடுத சிவப்பு வண்டித் தம்பியா? எங்கம்மா, மாசிக்குப் பொறவு ஆளையே காணும். நல்ல பிள்ளை. போன ஆடியில இருந்து அவியதான கிருஷ்ணன்கோவில் ஏஜென்சி சரக்கோட இந்த லைன் கடைகளுக்கு வருதாவ. ஒடம்புக்கு என்னமோ ஏதோன்னு நெனச்சிக்கிட்டே இருக்கேன்" என்றது அந்த அம்மா. ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக மில் கேட்டுக்கும் போனேன். நீங்கள் கேட்கப் பயந்ததை நான் கேட்டேன். போன ஆனியிலேயே முப்பது பேரை நிறுத்திவிட்டார்களாம். அவர் பேரும் அதில் உண்டு.

இதுதான் விஷயம். காலையில் மில்லுக்கு என்று நம் வண்டியில் கிளம்புகிறார். கிருஷ்ணன்கோவிலில் பிஸ்கட் ஏஜென்சியில் அதை விட்டுவிட்டு அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கடைக்குச் சரக்குப் போடுகிறார். சாயங்காலம் மறுபடி நம் வண்டி. பகல் முழுக்க வலது காலில் பிரேக், காலையும் சாயங்காலமும் இடது காலில். அன்றைக்கு ஆடு வந்தபோது கால் பகல் வண்டியை நினைத்துக்கொண்டது. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை அண்ணே. மிதித்தேன், பிடிக்கவில்லை என்று அவர் உண்மையாகவே நினைத்திருக்கிறார். இப்போதும் நினைக்கிறாரா, தெரியவில்லை. கொஞ்ச நாளாக வருகிறவர்களிடம் காலைப் பற்றிப் பேசுவதில்லை.

அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், எதிர்த்துப் பேசத் தெரியாதவர். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்க்க மாட்டார். மாமனார் தெருவெல்லாம் "எம்மவன் மில்லுல" என்று சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷர். அதற்காகத்தான் மறைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கும் சேர்த்துத்தான் மறைத்தார் என்பதுதான் வலிக்கிறது.

இப்போது ஒரு உதவி. காதுகுத்தன்று மாமனார் மெக்கானிக்கைக் கூட்டி வரத்தான் போகிறார். பிரேக் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்வான். பிறகு எப்படி விழுந்தான் என்று நாலு பேர் கேட்பார்கள். கால் மாறியது வெளியே வரும், அந்தச் சிவப்பு வண்டி வரும், மில் வரும். எல்லாரும் கூடி நிற்கிற இடத்தில் வரும்.

மெக்கானிக் வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட வேண்டும். நான்தான் சரியாக வேலை பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்று. உங்கள் வாயால் சொல்லிவிட்டால் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

இதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. தெரிந்தே கேட்கிறேன்.

உங்கள் தங்கச்சி
பரிபூரணம்


ராஜபாளையம்
22.4.1992

பூரணம்,

வேறு என்ன கேட்டிருந்தாலும் உடனே சரி என்று எழுதியிருப்பேன்.

அப்பா இருந்தவரைக்கும் அந்த வண்டி பிரேக் பிடிக்காமல் போனது என்று ஒரு ஆள் சொன்னது கிடையாது. ராஜபாளையத்தில் என்னைத் தெரிந்தவனுக்கு எல்லாம் என்னைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான், வேலு கை வைத்த வண்டி நிற்கும் என்று. கம்பெனியில் நான் சூப்பர்வைசர் என்பதுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டத்தில் எழுந்து நின்று, தங்கச்சி புருஷன் காலை ஒடித்தது நான்தான் என்று சொல்லச் சொல்கிறாய். உன் மாமனார் அந்த நாளுக்காகத்தான் காத்துக்கொண்டு இருக்கிறார்.

அதோடு, எல்லாரும் சேர்ந்து ஒரு பொய்யை மூடி வைத்துவிட்டால் நாளைக்குக் கால் சரியாகி, அவர் திரும்ப அதே ரெண்டு வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுவார். அடுத்த தடவை ஆட்டு மந்தைக்குப் பதில் லாரி வரும். அதை யோசித்தாயா?

வருவேனா, என்ன சொல்வேன் என்று இப்போது கேட்காதே.

கண்மாயில் ஓட்டினதைப் படித்துவிட்டு உன் மதினி சிரித்தாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

வேலுசாமி


ராஜபாளையம்
25.5.1992

தங்கச்சி பூரணத்துக்கு,

பந்தலில் உன்னிடம் தனியாகப் பேச முடியவில்லை. நீ அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை, நான் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முத்துப்பேச்சி மடியில் கத்திக்கொண்டு இருக்கும்போதே மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துவிட்டான். குழந்தையை உன் மதினியிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சொன்னேன். பிரித்துப் பார்க்க வேண்டாம், லைனர் சரியாக உட்காரவில்லை, அவசரத்தில் நான் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று. எதிர்பார்த்துக் காத்திருந்த உன் மாமனாரிடமிருந்து பேச்சு வந்தது. நிறைய வந்தது. நான் குனிந்து நின்று கேட்டுக்கொண்டேன். இனிமேல் இந்த வண்டி மாப்பிள்ளை கையில் இருக்க வேண்டாம், ஆபத்து, நானே கொண்டுபோகிறேன் என்றேன். உடனே யாரோ பின்னால் இருந்து, "இதுக்குத்தான் இம்புட்டு நாடகமும்" என்று சொன்னார்கள். அந்தப் பேச்சு ஊர் முழுக்க ஓடும். நீயும் முதல் கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தாய். ஓடட்டும். அவர் இனி பஸ்ஸில் போய் அந்தச் சிவப்பு வண்டியை மட்டும் ஓட்டினால் எனக்குப் போதும்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சாப்பாடு முடிந்து நான் வண்டியை எடுக்கும்போது மாப்பிள்ளை கம்பை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்தார். நான் கிக்கரில் கால் வைத்தேன். அவர் ஹேண்டில்பாரில் கையை வைத்துக்கொண்டு விடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மச்சான், பிரேக்குல ஒண்ணும் இல்ல. கால்தான் மாறிப்போச்சு."

"தெரியும் மாப்ள" என்றேன்.

எவ்வளவு தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது. பூரணத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம், நானே ஒரு நல்ல வேலை பார்த்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன் என்றார். சரி என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

அதனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. அடுத்த மாதம் அவர் மில்லுக்குப் போகிறேன் என்று கிளம்புவார். எங்கே என்று கேட்காதே. பஸ்ஸுக்கு நேரமாகிவிடாமல் சோறு கட்டிக் கொடு.

உன் அண்ணன்
வேலுசாமி